புகை காட்டத் தவறிய வண்டி

வேம்புலியின் லாரி புகை விடுவதை நிறுத்திய அன்றைக்குத்தான் அவனுக்குச் சனி பிடித்தது. அதற்கு முன்னால் இருபத்தேழு வருஷம் அந்த வண்டி அமோகமாகப் புகை விட்டது. எந்த அதிகாரியும் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை.

புகை என்றால் ஏதோ பீடிப் புகை மாதிரி நினைத்துக்கொள்ள வேண்டாம். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு ஓரமாக அது ஒரு தடவை திரும்பினால் போதும், வெள்ளை வேட்டியோடு பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் மாதிரி ஆகிவிடுவார்கள். பருத்திப்பட்டில் வீட்டு வாசலில் வண்டியைக் கிளப்பும்போது, வேம்புலியின் பெண்டாட்டி தாயம்மா கொடியில் காயும் துணிகளை வாரிச் சுருட்டிக்கொண்டு உள்ளே ஓடுவாள். ஓடிக்கொண்டே திட்டுவாள். திட்டு புருஷனுக்கா வண்டிக்கா என்று அக்கம்பக்கத்தில் யாருக்கும் விளங்காது. இரண்டும் ஒரே மாதிரி பதில் பேசாமல் கிளம்பிப் போய்விடும். இத்தனைக்கும் வண்டியின் நெற்றியில் 'தாயம்மா துணை' என்று எழுதியிருந்தது.

செம்பரம்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு சூளையிலிருந்து அம்பத்தூருக்குச் செங்கல் லோடு. அந்தச் சூளையில் பதினாலு வருஷம் தலையில் கல் சுமந்தவன் வேம்புலி. அதே சூளைக்குள் சொந்த லாரியை ஓட்டிக்கொண்டு போகிறவன் ஆனபிறகு, அவனுக்கு வேறு ஆசை எதுவும் மிச்சமில்லை. அறுபத்தெட்டாம் வருஷத்து வண்டியாக இருந்தால் என்ன, தன்னுடையது.

ஆனால் தொண்ணூற்று நாலாம் வருஷக் கடைசியில் பழைய இன்ஜின் கையை விரித்துவிட்டது. மேடு ஏறினால் மூச்சு வாங்கியது. ரோட்டில் சைக்கிள்காரர்கள் மணி அடித்துவிட்டு முந்திப் போனார்கள். அப்போதுதான் காயலான் கடையில் ஒரு புது மாடல் லாரி வந்து கிடப்பதாகச் சேதி வந்தது. பின்பக்கம் அப்பளமாக நொறுங்கி, முன்பக்கம் கீறல் இல்லாமல் தப்பிய வண்டி. அதிலிருந்த டர்போ டீசல் இன்ஜினைக் கழற்றித் தன் கிழட்டு லாரியில் பூட்டினான் வேம்புலி. புது இன்ஜின் நம்பரை வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் எழுதிக்கொடுக்க வாகன அலுவலகம் நாலு மாசம் எடுத்துக்கொண்டது. அந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தால் இந்தக் கதைக்கு இடம் இருக்காது.

இன்ஜின் உட்கார்ந்துவிட்டது. புகை போக வழிதான் இல்லை. பழைய சைலன்சர் வண்டிக்கு இடப்பக்கம் இருந்தது. டர்போ வலப்பக்கம் பார்த்து வாயைத் திறந்துகொண்டு நின்றது. வேம்புலி நேராகக் கஜபதியிடம் போனான்.

கஜபதி பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் பட்டறை வைத்திருந்தான். சைலன்சர் வேலை தவிர வேறு எதையும் தொடமாட்டான். அவன் பழைய பைப்பைக் காலால் ஒரு எத்து எத்திவிட்டுச் சொன்னான்: "அண்ணாத்தே, இது ரெண்டு இன்ச்சு. இதைப் போட்டே, இன்ஜினைக் கொன்ட்டேன்னு அர்த்தம்."

"ஏன்பா?"

"இந்த டர்போ கீதே, இது காத்தாடி மாதிரி. இன்ஜின் வுட்ற புகையிலயே சுத்தி, வெளிகாத்தை இஸ்து உள்ள திணிக்கும். வாயாண்ட அவ்ளோ துன்றவனுக்குப் பொறவாசலை சின்னதா வெச்சா இன்னா ஆவும்?"

"இன்னா ஆவும்?"

"நீயே ரோசனை பண்ணிக்கோ."

வேம்புலி யோசித்துப் பார்த்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு, சரி என்றான்.

மூன்று நாள் கஜபதி வேம்புலியின் வீட்டு வாசலிலேயே வண்டிக்கு அடியில் கிடந்தான். நாலு இன்ச்சுக் குழாய் எடுத்தான். இன்ஜின் ஆடும், குழாய் ஆடக்கூடாது என்று நடுவில் மடிப்பு மடிப்பாக வளைகிற துண்டு ஒன்றை வைத்தான். பிரேக் ஹோஸுக்குப் பக்கத்தில் போகிற இடத்தில் சூடு தாக்காமல் ஆஸ்பெஸ்டாஸ் கயிறைச் சுற்றினான். டீசல் டாங்கை ஒரு சாண் பின்னால் தள்ளினான். கடைசியில் குழாயைக் கேபினுக்குப் பின்னால் செங்குத்தாக மேலே ஏற்றி, மழைத் தண்ணீர் இறங்காமலிருக்க உச்சியில் ஒரு தட்டு மூடி போட்டான். காற்று வந்தால் மூடி திறக்கும், நின்றால் மூடிக்கொள்ளும்.

முதல் தடவை கிளப்பியபோது வேம்புலியின் மச்சான் மதுரைவீரன் பின்னால் நின்று கத்தினான். வேம்புலிக்கு மாற்று டிரைவர் அவன்தான். "மாமே, இஸ்டார்ட் ஆவலையா?"

"ஆயிகினுதான் கீதுடா!"

மதுரைவீரன் மேலே பார்த்தான். மூடி டக்டக்கென்று தலையாட்டிக்கொண்டிருந்தது. புகையைக் காணோம். தாயம்மா வெளியே வந்தாள், வண்டியை ஒரு சுற்று சுற்றினாள், உள்ளே போய் ஒரு வெள்ளைப் புடவையை எடுத்துவந்து வண்டிக்குப் பக்கத்துக் கொடியிலேயே காயப்போட்டாள். அரை மணி ஆயிற்று. புடவை வெள்ளையாகவே இருந்தது. அன்றைக்குக் கஜபதிக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டாள், பாவம், தனக்குச் சுற்றிக்கொள்ளாமல் விட்டாள்.

தொண்ணூற்றைந்து மார்ச் முப்பத்தொன்றாம் தேதியோடு வண்டியின் எப்.சி. முடிந்தது. எப்.சி. என்றால் வண்டி ஓடத் தகுதியானது என்று வருஷா வருஷம் சர்க்கார் கொடுக்கிற காகிதம். சூளை மேஸ்திரி சின்னசாமி முன்கூட்டியே சொல்லிவிட்டார்: "ரோட்ல பயங்கர செக்கிங்கு. ஏப்ரல் ஒண்ணாந்தேதி எப்.சி. பேப்பர் இல்லாத வண்டி சூளைக்குள்ள வரக்கூடாது. உன் டர்னு அடுத்தவனுக்குப் பூடும், அப்பால எங்கிட்ட வந்து அழுவாதே." ஒரு தடவை போன முறை திரும்பி வராது என்பது சூளைக்கே தெரியும். அதற்காக எட்டு லாரிகள் வாசலில் காத்துக்கிடந்தன.

வேம்புலி பயப்படவில்லை. புகையே இல்லாத வண்டிக்கு என்ன பயம் என்று முப்பத்தொன்றாம் தேதி வெள்ளிக்கிழமை காலையில்தான் போய் நின்றான். இவன் ஒரு அப்பாவி.

மேற்குப் புறநகர் வாகனத் தகுதி அலுவலகத்தில் புகை அளக்கும் மெஷின் ஒன்று இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் வந்தது. சந்தனம், குங்குமம் வைத்து, வெள்ளிக்கிழமைதோறும் மாலை போடுவார்கள். மேலே சுற்றிய பிளாஸ்டிக் உறையை மட்டும் யாரும் பிரிக்கவில்லை. பிரித்தால் ஓடும், ஓடினால் கெட்டுப்போகும், கெட்டுப்போனால் யார் பதில் சொல்வது? அதனால் புகையைக் கைக்குட்டையால் அளந்தார்கள். நல்ல வெள்ளைக் கைக்குட்டை, மூலையில் அரசு முத்திரை. அதைச் சைலன்சர் வாயில் பிடித்து, வண்டியை மூன்று தடவை உறும வைத்து, படிந்த கரியின் நிறத்தைப் படிவத்தில் எழுதுவது ஆய்வாளர் ராஜசேகரனின் வேலை.

வேம்புலியின் குழாய் மேலே இருந்ததால் கைக்குட்டையை ஒரு மூங்கில் கழியில் கட்டி உயர்த்த வேண்டியதாயிற்று. வெளியே போய்க்கொண்டிருந்த ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் அதைப் பார்த்துச் சைக்கிளிலிருந்து இறங்கி விறைப்பாக நின்றார். வண்டி மூன்று தடவை உறுமியது. கழி இறங்கியது. கைக்குட்டை சலவைக்குப் போய் வந்த மாதிரி இருந்தது.

ராஜசேகரன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னய்யா இது?"

"கைக்குட்ட சார்."

"அது எனக்குத் தெரியாதா? புகை எங்கே?"

"புகை வராது சார். புது இன்ஜின், டர்போ. பைப்பும் பெருசா போட்டுகீது."

"வராதுன்னா எப்படி? படிவத்துல மூணு கட்டம் இருக்கு. கருப்பு, சாம்பல், வெளிர் சாம்பல். இதுல உன் புகை எது?"

"ஒண்ணுமில்லன்னு எழுதிக்கோ சார்."

"ஒண்ணுமில்லைங்கறதுக்குக் கட்டம் இல்லையே." ராஜசேகரன் கோபப்படவில்லை. தெரியாத பிள்ளைக்குச் சொல்கிற பொறுமையோடு சொன்னார்: "நான் பதினெட்டு வருஷமா புகை பார்க்கறேன். என்கிட்ட இதுவரைக்கும் ஒருத்தனும் வெறுங்கையோட வந்ததில்லை. புகையை நாங்க குறை சொல்றோமா? எவ்வளவு இருந்தாலும் ஏத்துக்கறோம். இருக்கணும், அவ்வளவுதான்."

படிவத்தில் அவர் எழுதியது இது: 'மேற்படி வாகன உரிமையாளர், ஆய்வின்போது மும்முறை வாய்ப்பளித்தும் புகை காட்டத் தவறினார்.'

வேம்புலி அந்தக் காகிதத்தை வாங்கிக்கொண்டு மாடிக்கு ஓடினான். அங்கே மண்டல அலுவலர் வீரராகவன் இருந்தார். அவர் பேசினால் எதிரில் மைக் இருப்பது போலவே பேசுவார். காகிதத்தைப் படித்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"சென்ற ஆண்டில் மட்டும் இந்த அலுவலகம் நாலாயிரத்து முந்நூறு வண்டிகளின் புகையை அளந்திருக்கிறது. அத்தனையும் அளவுக்குள்! இதற்காக எனக்கு ஒரு கேடயம்கூடக் கொடுத்தார்கள். அதோ இருக்கிறது, பார்."

வேம்புலி பார்த்தான். கேடயத்தில் கரி படிந்திருந்தது.

"புகையை அளவுக்குள் வைப்பது எங்கள் கடமை. இன்றைக்கு நீ வந்து புகையே இல்லை என்கிறாய். நாளைக்கு இன்னொருவன் வருவான். எல்லாரும் இப்படிக் கிளம்பிவிட்டால் நாங்கள் எதை அளவுக்குள் வைப்பது? கீழே முப்பத்திரண்டு பேர் வேலை பார்க்கிறார்கள். அவர்கள் குடும்பத்தை நினைத்துப் பார்த்தாயா?"

வேம்புலி தன் குடும்பத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தான். "இன்னா சார் பண்ணணும் நானு?" என்றான்.

"நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை. உன் வண்டிக்குப் புகை விடும் பழக்கம் உண்டு என்பதற்கு ஆதாரம் கொண்டுவா. பதிவேட்டுப் பிரிவில் காட்டு. பரிசீலிக்கிறோம்."

மறுநாள் சனிக்கிழமை. அரை நாள்தான் அலுவலகம். தாயம்மாவே ஆதாரத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். அவளுடைய வெள்ளைப் புடவை ஒன்று, போன வருஷம் கொடியில் மறந்து விட்டுப்போய் வண்டியிடம் மாட்டியது. எட்டுத் தடவை தோய்த்தும் வெளுக்காதது. பதிவேட்டுப் பிரிவு எழுத்தர் நாகவல்லியின் மேஜையில் அதை விரித்துப் போட்டாள்.

"பாரும்மா நல்லா! எங்க வண்டி வுடாத புகையா? எங்க தெருவே சாட்சி சொல்லும். எதிர் ஊட்டுக் கெங்கம்மா இன்னிக்கும் எங்கூடப் பேசறதில்ல, இந்தப் புகையாலதான்!"

நாகவல்லி கெட்டிக்காரி. புடவையை முகர்ந்து பார்த்தாள், தேதி கேட்டாள், பதிவேட்டைப் புரட்டினாள். "இது பழைய இன்ஜின் விட்ட புகைம்மா. இன்ஜின் நம்பர் மாறிப்போச்சு. இந்தப் புடவை இப்ப செல்லாது. புது இன்ஜின் விட்ட புகை ஏதாவது இருந்தா கொண்டாங்க."

"அதான் வுடலியே!"

"அதைத்தானே நாங்களும் சொல்றோம்."

தாயம்மா புடவையைச் சுருட்டிக்கொண்டு, புகை விடாததற்காக வண்டியைத் திட்டிக்கொண்டே வெளியே போனாள்.

ஞாயிறு லீவு. கெடு தாண்டிவிட்டது, ஆனால் வேம்புலிக்கு நல்ல காலம், மார்ச் மாதக் கடைசிக் கெடுவை ஏப்ரல் மூன்றாம் தேதி திங்கள் மாலை ஐந்து மணி வரைக்கும் நீட்டியிருப்பதாக அலுவலகப் பலகையில் எழுதிப் போட்டிருந்தார்கள். கணக்கு முடிப்பதற்கு அவர்களுக்கே நாள் போதவில்லையாம். சின்னசாமியும் முனகிக்கொண்டே சரி என்றார்: "செவ்வாக்கெழமை காலைல பேப்பரோட வா. இல்லன்னா வராதே."

அந்தத் திங்கட்கிழமை மத்தியானம், அலுவலக மைதானத்துப் புளியமரத்தடியில் வேம்புலி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது ஒரு குரல் கேட்டது. "இன்னா நைனா, புகை வரலையாமே?"

திருவேங்கடம். அந்த மரத்தடியில்தான் அவனுக்குக் கடை. விற்கிற கடை இல்லை, வாடகைக் கடை. எப்.சி.க்கு வருகிற வண்டிகளில் எது இல்லையோ அதை அரை மணி நேரத்துக்குக் கொடுப்பான். தீயணைக்கும் சிலிண்டர், முதலுதவிப் பெட்டி, வைப்பர், ஸ்டெப்னி டயர். முதலுதவிப் பெட்டிக்குள் ஒரு பஞ்சு உருண்டை இருந்தது, அதற்கு ஒன்பது வயது. அவனுடைய பொக்கிஷம் ஒரு சைலன்சர். வெள்ளிப் பெயிண்ட் அடித்து, வயிற்றில் 'தி.வே. 7' என்று எழுதியது. அது ஏறாத வண்டி அந்த வட்டாரத்தில் இல்லை. ராஜசேகரன் அதைப் பார்த்தாலே முகம் மலர்வார். நாலாயிரத்து முந்நூறு வண்டிகளில் பாதியை அளவுக்குள் வைத்தது அந்த ஒரு சைலன்சர்தான்.

"இத்தை மாட்டு. உன் இன்ஜினு தன்னால புகைய கக்கும்," என்றான் திருவேங்கடம்.

மதுரைவீரன் பஸ் பிடித்துப் போய்க் கஜபதியைக் கூட்டிவந்தான். கஜபதி அந்தச் சைலன்சரைப் பார்த்ததும் அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. "ரெண்டு இன்ச்சு! நாலு இன்ச்சு வழில போறதை ரெண்டு இன்ச்சுல அடைக்கச் சொல்றியா? சோறு துன்ற கையால நான் இத்தப் பண்ணமாட்டேன்!"

"கஜபதி, மணி மூணரை ஆயிடுச்சுபா," என்றான் வேம்புலி. "நாளைக்கு என் டர்னு பூடும். திரும்பக் கல்லு தூக்கப் போணும். இந்த வயசுல என்னால முடியாதுபா."

கஜபதி அந்தச் சைலன்சரைக் காலால் ஒரு எத்து எத்தினான். பிறகு ஒரு பழைய ஆயில் டின்னைத் தேடி எடுத்து, வெட்டி, ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் சுருட்டினான். தன் குழாயை வளையும் துண்டோடு கழற்றிவிட்டு, டர்போவுக்கும் அந்தச் சைலன்சருக்கும் நடுவில் டின்னை வைத்துக் கிளாம்பு போட்டான். போட்டுவிட்டு வேம்புலியின் சட்டையைப் பிடித்து இழுத்துச் சொன்னான்: "பத்து நிமிஷம். எண்ணிக்கோ. அதுக்கு மேல வெச்சு முறுக்கினே, சூடு ஏறி டர்போ தீஞ்சிடும். அப்பால உனுக்கு எப்.சி.யும் வாணாம், லாரியும் வாணாம்."

வேம்புலி சாவியைத் திருப்பினான். இன்ஜின் இருமியது, திணறியது, பிறகு அந்த ரெண்டு இன்ச்சு வாய் வழியாகக் கரும்புகையைக் கொட்ட ஆரம்பித்தது. புளியமரத்திலிருந்த காக்காய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பின. காக்காய்க்கே பிடிக்கவில்லை.

ராஜசேகரன் ஓடிவந்தார். கைக்குட்டையைப் பிடித்தார். ஒரே உறுமலில் அது கருப்பாகிவிட்டது. அவர் கண்கள் நிறைந்தன. "இதோ! இதைத்தானய்யா கேட்டேன்! இவ்வளவு நல்ல புகையை வயித்துக்குள்ள வெச்சுக்கிட்டு நாலு நாளா எங்களை அலைக்கழிச்சியே!"

"சார், நிறுத்திடட்டா?"

"இருய்யா, இன்னும் ரெண்டு தடவை. விதி."

மூன்று நிமிஷம் ஆயிற்று. மூன்று உறுமல் முடிந்தது. நிறுத்தப்போனான். அதற்குள் மாடி ஜன்னல் வழியாகப் புகை உள்ளே போய், வீரராகவனே இறங்கி வந்துவிட்டார். "நிறுத்தாதே! திருந்திய வண்டி இது. ஊழியர்கள் எல்லாரும் பார்க்கட்டும்." முப்பத்திரண்டு பேரும் வெளியே வந்தார்கள். நாற்காலி வந்தது. போட்டோ எடுப்பவரைக் கூப்பிட ஆள் போனான். ஐந்து நிமிஷம்.

வீரராகவன் நாற்காலிக்கு முன்னால் நின்றுகொண்டு தொண்டையைச் செருமினார். அதற்கே நிறையப் புகை உள்ளே போயிற்று. "தோழர்களே! தூய காற்று நமது பிறப்புரிமை!" என்று ஆரம்பித்தார். இடுப்புக்கு மேல் அவரைக் காணவில்லை. குரல் மட்டும் வந்தது. "காற்றை யார் காப்பாற்றுகிறார்கள்? நாம்! நமக்கு அந்த வாய்ப்பை யார் தருகிறார்கள்? இதுபோன்ற வண்டிகள்! மூன்று நாட்களுக்கு முன் இந்த எளிய மனிதர் புகையில்லாமல் வந்தார். நாம் அவரைக் கைவிட்டோமா? இல்லை! விடாமல் முயன்று, இந்த நிலைமைக்குக் கொண்டுவந்திருக்கிறோம்!"

எல்லாரும் இருமினார்கள். அதைக் கைதட்டலாக எடுத்துக்கொண்டு அவர் மேலே பேசினார்.

வேம்புலி சீட்டில் உட்கார்ந்து சூட்டு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தான். முள் சிவப்பைத் தொட்டது. டர்போ பூனை மாதிரி கத்த ஆரம்பித்தது. ஜன்னலுக்கு வெளியே கஜபதி விரல்களைக் காட்டினான்: எட்டு. ஒன்பது. "சார்... சார்..." என்று வேம்புலி கூப்பிட்டது யாருக்கும் கேட்கவில்லை. ராஜசேகரன், "ஆக்சிலேட்டரை விடாதே, போட்டோக்காரர் வந்துட்டார்," என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பொன்னியம்மா, தாயே, என் வண்டியைக் காப்பாத்து என்று வேம்புலி வாய்விட்டு அழுதான். அங்கே முப்பத்திரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்ததால் அவன் அழுததை யாரும் தனியாகக் கவனிக்கவில்லை.

பத்து. கஜபதி இரண்டு கையையும் விரித்தான்.

பதினோராவது நிமிஷம் படாரென்று ஒரு சத்தம். ஆயில் டின் வெடித்து, கிளாம்பு தெறித்து, 'தி.வே. 7' வண்டிக்கு அடியிலிருந்து பாய்ந்து வந்தது. மைதானத்தில் மூன்று குட்டிக்கரணம் போட்டு, வீரராகவனின் காலடியில் வந்து நின்று, அமைதியாகப் புகைந்தது.

இன்ஜின் நிற்கவில்லை. அடைப்புப் போனதும் பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தம் போட்டுவிட்டுச் சீராக ஓட ஆரம்பித்தது. முள் மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. வேம்புலிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கஜபதி ஜன்னல் ஓரம் வந்து மெதுவாகச் சொன்னான்: "கிளாம்ப ரெண்டு சுத்து லூசாதான் வெச்சேன். ஒம்பது நிமிஷத்துல பிச்சிக்கும்னு பார்த்தேன். பாழாப்போன டின்னு, பதினொண்ணு தாங்கிடிச்சு."

மைதானத்தில் வேறு பிரச்சினை. ராஜசேகரன் ஓடிப்போய்ப் புகைந்துகொண்டிருந்த சைலன்சரின் வாயில் கைக்குட்டையைப் பிடித்தார். "வெளிர் சாம்பல்!" என்றார். "முன்னைவிட நல்ல முன்னேற்றம்!" வண்டியின் பக்கம் போய்ப் பார்த்தார். அங்கே புகை இல்லை.

மணி நாலே முக்கால். நாகவல்லி பதிவேட்டோடு வந்தாள். "சார், புகை விட்டது இது. வண்டி விடலை. எதுக்குச் சான்றிதழ் எழுதறது?"

வீரராகவன் கண்ணை மூடி யோசித்தார். அந்த அலுவலகத்தின் சரித்திரத்தில் அப்படி ஒரு அமைதி இருந்ததில்லை என்று பிறகு சொன்னார்கள். கண்ணைத் திறந்தார். "தகுதி எதற்கு இருக்கிறதோ அதற்குத்தான் கொடுக்க வேண்டும். அதுதான் நேர்மை."

ஐந்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது சான்றிதழில் முத்திரை விழுந்தது: 'தி.வே. 7 எனும் சைலன்சர் ஆய்வு செய்யப்பட்டு, ஓடத் தகுதியானது எனக் கண்டறியப்பட்டது. இத்துடன் ஒரு லாரி இணைப்பு.' கீழே லாரி நம்பர். அதற்கும் கீழே ஒரு நிபந்தனை: மேற்படி லாரி மேற்படி சைலன்சர் இல்லாமல் எங்கும் தனியே செல்லக்கூடாது.

"அய்யய்யோ, என் சைலன்சரு!" என்று திருவேங்கடம் வாயில் அடித்துக்கொண்டான். கஜபதி அவன் தோளில் கைபோட்டு ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனான். ஒரு மணி நேரத்தில் அதே மாதிரி இன்னொன்று செய்து கொடுத்தான். வெள்ளிப் பெயிண்ட் அடித்து, 'தி.வே. 7' என்றே எழுதினார்கள். ராஜசேகரனுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

மறுநாள் காலை வண்டி சூளை வாசலில் நின்றது. கஜபதியின் நாலு இன்ச்சுக் குழாய் பழையபடி ஏறியிருந்தது, மூடி தலையாட்டிக்கொண்டிருந்தது. கேபின் கூரையின்மேல் 'தி.வே. 7' கயிறு போட்டுக் கட்டப்பட்டிருந்தது. அதற்குத் தாயம்மா ஒரு முழம் மல்லிகைப்பூ சுற்றியிருந்தாள். சின்னசாமி காகிதத்தை இரண்டு தடவை படித்தார். மேலே பார்த்தார். மறுபடி காகிதத்தைப் பார்த்தார்.

"சைலன்சரு உள்ள போலாம்," என்றார் கடைசியில். "அதுகூட வண்டியும் போவட்டும்."

ஒரு வருஷம் வண்டி அப்படியே ஓடியது. போலீஸ்காரர்கள் நிறுத்தினார்கள், காகிதத்தைப் படித்தார்கள், கூரையைப் பார்த்துவிட்டுச் சரி போ என்றார்கள். ஒரு ஆளும் சிரிக்கவில்லை. முத்திரை அப்படி.

தொண்ணூற்றாறு மார்ச் வந்தது. எப்.சி.க்குப் போக வேண்டிய அன்றைக்கு அம்பத்தூருக்கு அவசர லோடு, வண்டியை நிறுத்த முடியாது. வேம்புலி சான்றிதழை எடுத்து ஒரு தடவை நிதானமாகப் படித்துப் பார்த்தான். படித்துவிட்டு, திருவேங்கடத்திடம் வாடகைக்கு எடுத்த இன்னொரு 'தி.வே. 7'ஐக் கூரையில் கட்டி, லாரியை மதுரைவீரனிடம் கொடுத்து அனுப்பினான். சான்றிதழ் வாங்கிய சைலன்சரைத் துண்டில் சுற்றிக்கொண்டு பூந்தமல்லியில் பஸ் ஏறினான்.

"இன்னாபா மூட்டை?" என்றார் கண்டக்டர்.

"இதுக்கு இன்னிக்கு எப்.சி. அண்ணாத்தே."

கண்டக்டர் கேள்வி எதுவும் கேட்காமல் அதற்கும் ஒரு சீட்டு கிழித்தார்.

புளியமரத்தடியில் உட்கார்ந்து, சைலன்சருக்குள் ஆயில் நனைத்த பழந்துணியைத் திணித்துத் தீக்குச்சி கிழித்துப் போட்டான் வேம்புலி. இந்த ஒரு வருஷத்தில் அவன் தேறிவிட்டிருந்தான். ராஜசேகரன் கைக்குட்டையைப் பிடித்தார். வெளிர் சாம்பல். படிவத்தில் அழகாகக் கட்டத்துக்குள் எழுதினார், முத்திரை குத்தினார், முதுகில் தட்டிக்கொடுத்தார்.

வேம்புலிக்குத்தான் மனசு கேட்கவில்லை. காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே கேட்டான்: "சார், வண்டி அம்பத்தூராண்டதான் கீது. சாயங்காலமா ஒருவாட்டி இட்டாந்து காட்டிட்டுப் போவட்டா?"

ராஜசேகரன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். அவருக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது.

"வண்டியை எதுக்குய்யா இங்க கொண்டுவரணும்? இது வாகனத் தகுதி அலுவலகம்."